கீறிட்ட இடங்கள்

அமெரிக்காவில் இருநூறு வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணை என் அக்கா பிரபாலினி ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலுக்குக் கூட்டிவந்தாள். அவள் வந்த சில கிழமைகளுக்குள் எங்கள் ஊரில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திக்கொண்டன. நாவலுக்குச் சமூகத்தை அசைக்கும் பலம் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதுபவர்கள், ஒரு சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பக்கம் வந்து பார்க்கலாம். தேநீரும் உண்டு.

அக்கா அமெரிக்க இலக்கியத்தில் மாஸ்டர் செய்கிறாள். அதிலும் ஆரம்பகாலத்தில் பெண்கள் எழுதிய, பெண்களைப் பற்றிய நாவல்கள். அந்த நாட்டுக்குப் பால்பல் விழுவதற்கு முன்னமே அங்கே பெண்கள் நாவல் எழுதத் தொடங்கிவிட்டார்களாம். அவற்றுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. கதை முழுவதும் கடிதங்களாக வரும். கதாநாயகிக்கு இரண்டு பேர் வருவார்கள்: ஒருவன் நல்ல குணம் உள்ளவன், மற்றவன் நல்ல கோட்டு உள்ளவன். அவள் கோட்டோடு நடனமாடுவாள். உடனே தோழிகள் எல்லோரும் பேனாவை எடுத்து அறிவுரை எழுதுவார்கள். ஒருத்திகூட வண்டி பிடித்துப் போய் அவளைப் பார்க்கமாட்டாள். முதல் பக்கத்தில் ‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்று இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. ‘ஒரு பெண்மணி’ என்று மட்டும் இருக்கும். உள்ளே ஆட்களின் பெயரும் ஊர்களின் பெயரும் வரவேண்டிய இடங்களில் நீளமாக ஒரு கீறு இருக்கும். படைத்தலைவர் ————. திருமதி ————. ஊரார் அந்தக் கீறுகளை வைத்துக்கொண்டு அது யார், இது யார் என்று அடித்துப்பிடித்து ஊகிப்பார்கள். அந்தக் காலத்து வாட்ஸ்அப்.

அப்படி ஒரு நாவலை அக்கா கண்டுபிடித்தாள். பெரிய பெயர் இல்லாதது, மறுபதிப்பும் இல்லாதது. சீப்பு செய்து விற்கும் ஒரு விதவையின் மகள், தன் தோழிக்கு எழுதும் கடிதங்கள். ஒருநாள் அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது, “இவ்வளவு காலமா அங்க என்னதான் படிக்கிறாய்?” என்று கேட்டார். அக்கா கதையைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அம்மா அடுப்பை நிற்பாட்டினார்.

“பேந்து?” என்றார். பிறகு என்ன என்று அர்த்தம்.

எங்கள் அம்மா குணேஸ்வரி அடுப்பை நிற்பாட்டி நான் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, தீ எச்சரிக்கை மணி அடித்தபோது. அக்காவுக்கு அன்றைக்கே முடிவு வந்துவிட்டது. “இதை வாசிக்கவேண்டிய ஆக்கள் யூனிவர்சிற்றியிலை இல்லையடா, ஆரூரன்,” என்றாள் என்னிடம். “அங்க வெளியிட்டா எட்டுப் பேர் வருவினம். அதிலை அஞ்சு பேர் கேக் சாப்பிட.” ஒரு வருடம் இருந்து முழுவதையும் தமிழாக்கினாள். பக்க வடிவமைப்பு என் தலையில் விழுந்தது. நான் இயந்திரப் பொறியியல் படிப்பதால் எந்த இயந்திரமும் எனக்குத் தெரியும் என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை, கணினியும் இயந்திரம்.

பிழை திருத்தும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். அங்கேதான் தொடங்கியது.

அம்மா தமிழ்ப் பாடசாலையின் பரீட்சைப் பொறுப்பாளர். ஆண்டுப் பரீட்சை விடைத்தாள்களை அவர் திருத்துவிக்கும் முறை ஜெர்மன் அரசாங்கத்துக்கே இல்லாத முறை. பெயர் உள்ள மேல்தாளைக் கிழித்தெடுப்பார். மிச்சத்தைப் பங்கு பிரித்து, ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு கட்டாகக் கொடுப்பார். எழுதியது யார் என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது. ஒருவரின் கட்டில் என்ன இருக்கிறது என்று மற்றவர் கேட்கக்கூடாது. நாவலையும் அம்மா அப்படியே செய்தார். தலைப்பு, முன்னுரை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எல்லாவற்றையும் மேல்தாள் என்று நினைத்து எடுத்துவிட்டார். உள்பக்கங்களை ஏழு கட்டாகப் பிரித்து ஏழு ரீச்சர்மாரிடம் கொடுத்தார்.

“பிரபாவின்ர எழுத்து வேலை. பிழை பாத்துத் தாங்கோ,” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே ஏழு பெண்கள், தலையும் வாலும் இல்லாத இருபது இருபது பக்கங்களோடு வீட்டுக்குப் போனார்கள். நல்ல தமிழில் ஒரு பெண், ‘நான் அவரோடு நடந்து போனதை அம்மாவுக்கு எழுதிவிடாதே’ என்று எழுதியிருந்தாள். எங்கே, எப்போது என்று ஒரு குறிப்பும் இல்லை. பெயர் வரவேண்டிய இடமெல்லாம் கீறு. வாழ்நாள் முழுவதும் ‘கீறிட்ட இடங்களை நிரப்புக’ என்று கேள்வித்தாள் தயாரித்தவர்கள் அவர்கள். கையில் சிவப்புப் பேனையும் இருந்தது.

நிரப்பினார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். காப்புறுதி முகவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். அதில் நாவலின் ஒரு பக்கத்தின் படம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கடிதத்தின் கடைசியில், ‘உன் அன்புள்ள ————’ என்ற இடத்தில், கீறுக்கு மேல் சிவப்பு மையில் ‘நிருஷா’ என்று இருந்தது.

நிருஷா அவருடைய மகள். போன வருடம் லைப்சிக்குக்குப் படிக்கப் போனவள். அங்கே ஒரு வீட்டை நாலு பேராகப் பகிர்ந்து இருக்கிறாள். நாலு பேரில் இரண்டு பேர் பெடியன்கள் என்பது வுப்பர்டாலில் பலருக்கு மனப்பாடம்.

“ரீச்சர், இதுக்கு என்ன சொல்லுறியள்?”

“முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை.”

“தேத்தண்ணி இறங்காது ரீச்சர். ‘லைப்சிக்’ எண்டுகூட அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கு.”

அக்கா கதிரையை இழுத்துப்போட்டு எதிரே இருந்தாள். “அங்கிள், இது அமெரிக்காவிலை ஒரு பொம்பிளை எழுதின நாவல். இருநூறு வருசத்துக்கு மேல.”

“அமெரிக்காவிலையும் எங்கட சனம் இருக்குத்தானே பிள்ளை?”

“அப்ப இல்லை அங்கிள்.”

“எங்கட சனம் எப்ப எங்க போச்சுதெண்டு உனக்கு வடிவாத் தெரியுமோ?”

அவர் தொடர்ந்தார். “நான் நியாயமான மனிசன். புத்தகத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. அந்தக் கீறு எல்லாத்திலையும் வெள்ளைக்காரப் பேரைப் போட்டு நிரப்பு. மேரி, லூசி, என்னவோ. கடைசியிலை ‘யாவும் கற்பனை’ எண்டு போடு. மண்டபமும் தாறன், குத்துவிளக்கும் தாறன். இல்லாட்டி சங்கத்தின்ர மண்டபத்தை மறந்துபோடு.”

அம்மா அக்காவைப் பார்த்தார். உண்மையில் அதுவரை அம்மா அவர் பக்கம்தான். ‘ஒரு மேரியைப் போட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?’ என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தார்.

“போடமாட்டன் அங்கிள்,” என்றாள் அக்கா.

“ஏன்?”

“அந்தப் பெட்டையின்ர பேர் அந்த ஊர் முழுக்கத் தெரியும். பேப்பரிலை எழுதினவை. சேர்ச்சிலை அவளை வைச்சுப் பிரசங்கம் செய்தவை. பேரைச் சொல்லாமல் விட்ட ஒரே ஆள் இந்தப் புத்தகத்தை எழுதினவதான். தன்ர பேரையும் போடேல்லை, அவளின்ர பேரையும் போடேல்லை. எழுதினவ இவ்வளவு காலமா வாயைத் திறக்கேல்லை. நான் திறக்கவோ?”

ஸ்ரீஸ்கந்தராஜா நிமிர்ந்தார். “அப்ப உண்மையா நடந்ததோ?”

“முதல் பக்கத்திலை அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப பிரச்சினை இன்னும் பெருசல்லோ!”

நான் ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கவனிக்காமல் ஒன்றை எடுத்துக் கடித்தார். அம்மா அதற்குள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்தை விரலால் விரித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மாறியது. நான் கணக்கில் ஐந்து எடுத்துவந்த அன்று மாறிய அதே விதம். ஜெர்மனியில் ஐந்து என்றால் பெயில்.

“இது கமலநாயகி ரீச்சரின்ர கையெழுத்து,” என்றார்.

“ஆற்ற கையெழுத்தா இருந்தா என்ன ரீச்சர்…”

“அண்ணை, இது பிழை திருத்தேல்லை. விடை எழுதியிருக்கிறா.” அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “கீறு விட்டா அது எழுதினவரின்ர கீறு. அதை நிரப்பிறதும் நிரப்பாததும் எழுதினவரின்ர பாடு. வெறுமையா விட்டா சைபர் போடலாம், அது எங்கட உரிமை. திருத்துறவர் தன்ர கையாலை நிரப்பினா அதுக்குப் பேர் களவு. எத்தினை வருசமாப் பரீட்சை நடத்துறன், ஒருத்தரும் என்ர தாளிலை இப்பிடிச் செய்யேல்லை.”

“ரீச்சர், இது பரீட்சையில்லை. என்ர மகளின்ர மானம்.”

“ரெண்டையும் ஒரே பேனைதான் கெடுத்திருக்கு.”

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது திருத்தி வந்த ஏழு கட்டுகளும் அவர் கையில் இருந்தன. பக்க ஒழுங்கில் மேசையில் பரப்பினார். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் முழுவதையும் பார்த்தோம். இரண்டு ரீச்சர்மார் உண்மையிலேயே பிழை மட்டும் திருத்தியிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் கீறுகளில் பெயர் எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் எழுதியது வெவ்வேறு ஐந்து பெண்பிள்ளைகளின் பெயர். ஒரே கதாநாயகி, இருபது பக்கத்துக்கு ஒரு தடவை வேறு வீட்டில் பிறந்துகொண்டிருந்தாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா முன்னால் குனிந்தார். “இதென்ன, ஞானப்பிரகாசத்தின்ர மூத்தவளும் நிக்கிறாளோ?”

“நிக்கிறாள்.”

“இவள் ஹாகனிலை இருந்து வந்தவையின்ர மகளெல்லோ? அவளுக்கு என்ன?” அவர் அடுத்த தாளைப் புரட்டினார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. “ஓகோ, கோட்டுப் போட்டவன் இவனாமோ?”

“அண்ணை,” என்றார் அம்மா. “நீங்கள் இப்ப நாவல் வாசிக்கிறியள்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“ஒரு கீறைக்கூட நாங்கள் நிரப்பமாட்டம்,” என்றார் அம்மா. “மண்டபம் தாறதெண்டாத் தாங்கோ. தராட்டில் இந்த வருசம் பரீட்சை முடிவு வெளிவராது. உங்கட சின்னவன் எட்டாம் ஆண்டெல்லோ?”

கீறுகளை நிரப்பச் சொல்லி அக்காவிடம் ஒரு வருடம் சண்டை பிடித்த ஆள் ஒரே நிமிடத்தில் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டாவது ரோல்ஸை எடுத்தார். இந்தமுறை தெரிந்துதான் எடுத்தார். “மண்டபம் தாறன். ஆனா முதற் பிரதி வாங்க என்னைக் கேக்காதையுங்கோ. என்ர வீட்டிலை ஒருத்தரும் வாங்கமாட்டினம். வாங்கினா, எங்கட வீட்டுக் கதையெண்டு நாங்களே கையெழுத்து வைச்ச மாதிரி.”

*

அதுதான் அடுத்த சிக்கல்.

எங்கள் ஆட்களிடையே ஒரு புத்தகம் அச்சகத்தை விட்டு வந்தவுடன் வெளிவந்ததாகாது. மேடையில் ஒரு பெரியவர் முதற் பிரதியைக் கையில் வாங்கவேண்டும். படம் எடுக்கவேண்டும். அதன் பிறகுதான் அது புத்தகம். அதுவரை அது பெட்டியில் இருக்கும் கடதாசி. முதற் பிரதி வாங்குபவர் புத்தகத்தை வாசிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அவர் வாசிக்கமாட்டார் என்பதுதான் அந்தக் கௌரவத்தின் அடிப்படை.

அக்கா ஊரில் உள்ள எல்லாப் பெரியவர்களையும் கேட்டாள். ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் குரல்பதிவு அனுப்பினார்கள். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு பிராங்பேர்ட்டில் கலியாணம். ஒரு மாமி நாலு நிமிடம் பேசியிருந்தார்: “பிரபா, நீ கெட்டிக்காரி, உன்னிலை எனக்கு நல்ல விருப்பம், அதாலை சொல்லுறன், குறை நினையாதை, ஒரு பொம்பிளைப்பிள்ளை முன்னுக்கு வரேக்க கொஞ்சம் யோசிச்சு…”

அக்கா அதை இரண்டு தடவை கேட்டாள். “இது பன்னிரண்டாவது கடிதம்,” என்றாள்.

“என்ன?”

“புத்தகத்திலை. தோழி எழுதுற பன்னிரண்டாவது கடிதம். ‘உன் மேல் உள்ள அன்பினால் சொல்கிறேன்.’ அச்சொட்டா இதுதான்.” அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் மொழிபெயர்ப்பு சரிதான் என்று ஒரு திருப்திதான் வந்தது. எனக்குத்தான் பயமாக இருந்தது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டிய நாள் வந்தது. ‘முதற் பிரதி பெறுபவர்’ என்ற வரியில் எழுத ஆள் இல்லை.

“என்ன போடுறது அக்கா?”

“கீறு போடு.”

“அக்கா, சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். வந்து சிரிக்கட்டும்.”

போட்டேன். முதற் பிரதி பெறுபவர்: ————. ஊரில் அந்த அழைப்பிதழ் நாவலைவிட வேகமாகப் பரவியது.

இதற்கிடையில் கமலநாயகி ரீச்சர் அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தார். மன்னிப்புக் கேட்க என்று அம்மா நினைத்தார். அதற்கில்லை.

“குணேஸ், என்ர கட்டு முடியிற இடத்திலை அந்தப் பிள்ளை மழையிலை ஒரு விடுதி வாசலிலை வந்து இறங்குதெல்லோ? வயித்திலை பிள்ளை வேறை. விடுதிக்காரி வந்து பேரைக் கேக்கிறாள். ‘நான்’ எண்டதோட என்ர பக்கம் முடியுது. பேந்து என்ன?”

“அடுத்த பக்கம் பிருந்தா ரீச்சரின்ர கட்டு.”

“பிருந்தாவைக் கேட்டனான். பரீட்சை இரகசியம், சொல்ல ஏலாதாம்.”

“அவவாவது விதிப்படி நடக்கிறா.” அம்மா வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பாடசாலை நடைபாதையில் ரீச்சர் என்னைப் பிடித்தார். கமலநாயகி ரீச்சர் எங்கள் ஊரின் செய்தி நிறுவனம். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டில் கதவு அடித்துச் சாத்தப்பட்டது, எல்லாம் அவரிடம் முதலில் வரும், அவரிடமிருந்து திருத்தப்பட்ட பதிப்பாக வெளியே போகும். அப்படிப்பட்டவரிடம் ஒரு தகவல் பாதியில் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணின் கீழ் கறுத்திருந்தது.

“தம்பி, நீதானே பக்கம் போட்டனி. அவள் என்ன பேர் குடுத்தவள்?”

“தெரியாது அன்ரி. நான் வரி நேரா நிக்குதோ எண்டுதான் பாத்தனான்.”

“விடுதிக்காரி உள்ள விட்டவளோ, இல்லையோ? அதையாவது சொல்லு.”

“வெளியீட்டுக்கு வாங்கோ அன்ரி.”

“கண்டறியாத இஞ்சினியர்,” என்றார்.

*

எங்கள் மண்டபம், உயரத் தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் எங்கள் ஊர்த் தொங்குரயிலின் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் போகும்போது குத்துவிளக்கின் சுடர் ஒருதரம் சாயும்; பேச்சாளர்கள் அதற்கு இடைவெளி விட்டுப் பேசப் பழகியிருப்பார்கள். வழக்கமாக நூல் வெளியீட்டுக்கு இரண்டு வகையினர் வருவார்கள்: பேசுபவர்களும், பேசுபவர்களைக் காரில் ஏற்றிவந்தவர்களும். அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அப்பா தம்பித்துரை பக்கத்துச் சேர்ச்சில் கதிரை இரவல் வாங்கி வந்தார். அப்பா இந்த விஷயத்தில் சொன்ன ஒரே கருத்து அந்தக் கதிரைகள்தான்.

வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ரீச்சர்மார் தங்கள் கட்டின் கதையைத் தங்கைமாருக்குச் சொல்லியிருந்தார்கள். தங்கைமார் மச்சாள்மாருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. ஒருவரிடமும் முழுவதும் இல்லை. நடனம் தெரிந்தவருக்குக் கோட்டு தெரியவில்லை. விடுதி தெரிந்தவருக்கு விதவை தெரியவில்லை. கதிரை வரிசைகளுக்கிடையில் ஒரு பண்டமாற்றே நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் லைப்சிக்கிலிருந்து வந்த நிருஷா இருந்தாள். முன் வரிசையில் அவளுடைய அப்பா, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு. கட்டிய கை எதையும் வாங்காது.

நான் அறிவிப்பாளர். மறைந்தவர்களுக்கான அகவணக்கம், விளக்கேற்றல், வரவேற்புரை எல்லாம் முடிந்தது. அக்கா சுருக்கமாகப் பேசினாள். அந்தக் காலத்தில் பெண்கள் நாவல் வாசித்தால் கெட்டுப்போவார்கள் என்று சொன்னவர்கள், அந்த நாவல்களை ஒளித்துவைத்துத் தாங்களும் வாசித்தார்கள் என்றாள். பின்வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு அவள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து மேடையின் நடுவில் வந்து நின்றாள்.

“அடுத்ததாக,” என்றேன், “முதற் பிரதி.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு ரயில் போனது. சுடர் சாய்ந்து நிமிர்ந்தது.

நான் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, “அக்கா, அப்பாவைக் கூப்பிடவோ?” என்றேன்.

“வேண்டாம். வீட்டு ஆளுக்குக் குடுத்தா வீட்டுக் கதையாப் போயிடும். நிப்பன்.”

“எவ்வளவு நேரம்?”

“மண்டபம் எத்தினை மணி வரைக்கும் எடுத்தது?”

“ஒம்பது.”

“அப்ப ஒம்பது.”

அவள் நின்றாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைக்கவும் இல்லை, கீழே தொங்கவிடவும் இல்லை. ஒருவரிடம் கொடுப்பதற்கு நீட்டிய கை எப்படி இருக்குமோ அப்படியே நீட்டியபடி நின்றாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். இன்னொரு ரயில் போனது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். ஆனால் இறக்கவில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்தார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. “பிள்ளை, இப்பவும் பிந்தேல்லை. இது ஆரோ வெள்ளைக்காரியின்ர கதை, இஞ்ச இருக்கிற ஒருத்தரின்ரையும் இல்லை எண்டு மைக்கிலை ஒரு வசனம் சொல்லு. நானே வந்து வாங்கிறன்.”

ஒரே ஒரு வசனம். நான் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கினாள்.

“சொல்ல ஏலாது அங்கிள். வெள்ளைக்காரி எழுதினது எண்டு அட்டையிலையே கிடக்கு. ஆனா இஞ்ச ஒருத்தருக்கும் இது நடக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாது.” அவள் மண்டபத்தைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமோ?”

ரயில் எதுவும் போகவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒரு ரயில் கடந்து போகக் காத்திருப்பதுபோல் இருந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா பின்னால் கையை நீட்டிக் கதிரையைத் தொட்டார். பிறகு இருந்தார்.

“பிரபா.”

நாலாவது வரிசையில் ஒரு குரல். கமலநாயகி ரீச்சர்.

“அது முழுப் புத்தகமோ?”

“ஓம் அன்ரி.”

“எண்பத்தொண்டாம் பக்கமும் இருக்கோ?”

“இருக்கு.”

“அப்ப அதைத் தா.”

அவர் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். படி ஏறும்போது சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டார். மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் பாதிப் பேரைப் பற்றி ஒரு தடவையாவது கதைத்தவர் அவர். மற்றப் பாதி அதைக் கேட்டவர்கள். அக்காவிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். படம் எடுப்பவர், “ரீச்சர், இஞ்சாலை பாருங்கோ,” என்றார். ரீச்சர் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடத் தொடங்கினார். எங்கள் சங்கத்தின் வரலாற்றில் முதற் பிரதி வாங்கியவர் மேடையில் வைத்தே அதைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

“சத்தமா வாசியுங்கோ,” என்று பின்னால் ஒரு பெண் கத்தினார். “எங்களுக்கும் தெரியாது!”

நான் ஒலிவாங்கியை அவர் வாயருகில் பிடித்தேன். ரீச்சர் எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியிலிருந்து, வகுப்பில் வாசிப்பதுபோல் தெளிவாகத் தொடங்கினார்.

“‘விடுதிக்காரி என் பெயரைக் கேட்டாள். நான், திருமதி…’”

நின்றுவிட்டார். அங்கே கீறு இருந்தது. அதை வாய்விட்டு எப்படி வாசிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தான் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுத்த கீறு. ஒரு மூச்சு எடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“‘…என்று சொன்னேன். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்தது. அவள் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே வா, நனைகிறாய் என்றாள்.’”

ரீச்சர் புத்தகத்தை மூடினார். மூக்கை உறிஞ்சினார்.

“நம்பேல்லை,” என்றார் மண்டபத்தைப் பார்த்து. “நம்பேல்லை, எண்டாலும் உள்ள விட்டிருக்கிறாள்.”

நான் அறிவிப்பாளர்; என் கடமை எனக்கு நினைவு வந்தது. “இத்தருணத்தில், முதற் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் திருமதி…”

ரீச்சர் என் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார்.

“பேர் வேண்டாம் தம்பி. கீறு போடு.”

“எல்லாரும் பாத்துக்கொண்டுதானே அன்ரி இருக்கினம்?”

“பாக்கட்டும். நீ போடு. நாளைக்கு இந்தப் பேரை வைச்சு என்னென்ன கதைப்பினம் எண்டு எனக்குத் தெரியாதோ? நான்தானே கதைக்கிறனான்.”

அவருடைய கை ஒலிவாங்கியைச் சரியாகப் பொத்தவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டது. முதலில் சிரித்தவர் அம்மா. அதன் பிறகு கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. மேசையில் புத்தகம் விற்க இருந்த அப்பாவை நோக்கி வரிசை வந்தது. ஞானப்பிரகாசத்தின் மனைவி வந்தார். ஹாகன்காரர் வந்தார்கள். பிருந்தா ரீச்சர், தான் இரகசியம் காத்ததை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். வாங்கியவர்களின் பெயரை எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம்; நான் கொப்பியும் பேனையுமாக நின்றேன்.

“பேர்?”

“கீறு,” என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக.

நிருஷா இரண்டு பிரதி வாங்கினாள். ஒன்றைக் கொண்டுபோய், இன்னும் கைகட்டி இருந்த தன் அப்பாவின் மடியில் வைத்தாள்.

“பயப்பிடாமல் வாசியுங்கோ அப்பா. அந்தப் பிள்ளையின்ர தாய் சீப்பு விக்கிறவ. தகப்பன் இல்லை. எங்கட வீடு இல்லை.”

“எனக்குத் தெரியும்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

அவள் போகும்வரை காத்திருந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கட்டிய கையை அவிழ்த்துப் புத்தகத்தைத் திறந்தார். முதல் கடிதத்தை உதடு அசைய வாசித்தார். இரண்டாவது பக்கத்தில் நின்றார். ஏதோ பிடிபட்டதுபோல் புருவம் உயர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

அவருக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தார்.

“அண்ணை,” என்றார். “பேனையை உள்ளுக்க வையுங்கோ.”